முகாமுக்குள் விசுவாசத்தைப் பேசலாமா? ஒரு கோப்ரலின் கேள்விக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் ராணுவ முகாமில் கோப்ரலாக இருக்கிறீர்கள், பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர். உங்கள் செக்‌ஷனில் இருக்கும் இந்து நண்பரின் அப்பா போன வாரம் தவறிவிட்டார். நண்பர் இரவில் தனியாகக் குடிக்கிறார். அவரிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல உங்கள் மனம் துடிக்கிறது. இன்னொரு பக்கம், ஒரே அறையில் இருக்கும் மலாய் நண்பர், "நீ எதை நம்புகிறாய்?" என்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டீர்கள். அன்றிலிருந்து நெஞ்சு உறுத்துகிறது. போதகர் "மறுதலிக்காதே" என்கிறார். அம்மா "வாயை மூடிக்கிட்டுப் பென்சன் வாங்குற வழியப் பாரு" என்கிறார். முகாமில் விசுவாசத்தைப் பேசலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் எழுத்தைத் திரும்பப் படித்தால், பேசாமல் இருந்தால், இயேசுவைத் தெரியாது என்று சொன்ன சீடர் பேதுருவைப் போல நானும் மறுதலித்தவன்தானா என்பதுதான் உங்களை அரிக்கிறது என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, பெகாவாய் வாரானாக, அதாவது வாரண்ட் அதிகாரியாக, ஓய்வு பெற்றவன். இப்போது ஜொகூரில் ஒரு தமிழ்ச் சபையில் உபதேசியார் வேலை பார்க்கிறேன். தோட்டங்களில் மிச்சமிருக்கும் குடும்பங்களைப் போய்ப் பார்ப்பதும் அதில் அடக்கம். முகாமும் தெரியும், சபையும் தெரியும். சட்டம் படித்தவன் கிடையாது. சட்டம் பற்றி நான் சொல்வதை ஒரு விவரமறிந்த மூத்தவரின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்; உங்கள் மீது ஏதாவது நடவடிக்கை என்று வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அவசரமான விஷயம். அப்பாவை இழந்து, தனியாகக் குடிக்கும் ஒருவர், காவல் பணிக்குப் பெயர் வந்தால் கையில் துப்பாக்கி வாங்குவார். இதை நீங்கள் யோசித்தீர்களா தெரியவில்லை. அவருக்குச் சுவிசேஷம் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி இன்றைக்குக் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. பிளாட்டூன் சார்ஜனிடம் தனியாகப் போய், "இவரைக் கொஞ்ச நாள் ஆயுதக் காவலில் போடாதீர்கள், மருத்துவ அதிகாரியைப் பார்க்கட்டும்" என்று சொல்லுங்கள். அதைக் கோள் மூட்டுவதாக நினைக்க வேண்டாம். நண்பரிடமும் மறைக்காமல், "நான்தான் சொன்னேன், உனக்காகத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிடுங்கள். முகாமுக்கு வெளியே யாரிடமாவது பேச விரும்பினால் மனம் உடைந்தவர்களுக்குத் தொலைபேசியில் காதுகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது, தமிழிலும் பேசலாம். உயிரோடு இருக்கும் நண்பரிடம்தான் நாளைக்கு எதையும் பேச முடியும்.

சரி, இப்போது சட்டம். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. சீருடை போட்டதும் அந்த உரிமை கழன்று விழுந்துவிடாது. அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு, இஸ்லாமியரிடையே மற்றச் சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஜொகூரில் அதற்கான சட்டம் 1991இல் வந்தது. சிலாங்கூர், பேராக், பகாங் என்று தீபகற்பத்தின் பல மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் உண்டு. பினாங்கிலும் கூட்டரசுப் பிரதேசங்களிலும் இல்லை. இந்தச் சட்டங்கள் ஒரு முஸ்லிமை இன்னொரு சமயத்தின் பக்கம் இழுக்கும்படி வற்புறுத்துவதை மட்டும் குற்றமாக்கவில்லை. அந்த நோக்கத்தோடு நாடிப் போய்ப் பேசுவதும், புத்தகமோ துண்டுப்பிரசுரமோ அனுப்புவதும் அதில் வந்துவிடும் என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

மற்ற நண்பர்கள், அதாவது இந்து, பௌத்த நண்பர்களிடம் பேசுவதற்கு அப்படியொரு தடை கிடையாது. அதற்காக அங்கே எதையும் பேசலாம் என்று ஆகிவிடாது. ஒருவருடைய சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்திப் பேசினால் தண்டனைச் சட்டத்தின் 298ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. மாரியம்மனைப் பழித்துப் பேசுகிறவருக்கும் அது பொருந்தும். அதற்கு மேல், 1972ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம் நம் எல்லார் தலைமேலும் இருக்கிறது. ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் பங்கம் விளைவிக்கிற நடத்தை என்று ஒரு குற்றம் அதில் உண்டு. அந்தக் குடை மிகப் பெரியது. பிளாட்டூனில் இரண்டு பேர் சமயத்துக்காக முறைத்துக்கொண்டார்கள் என்றால், யார் சொன்னது சரி என்று கட்டளை அதிகாரி ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். அதன் கீழ் இருவரையும் நிறுத்த முடியும்.

சந்தேகமான இடம் எது என்றால், உங்கள் அறை நண்பர் கேட்டாரே, அதுதான். ஒரு முஸ்லிம் நண்பர் தாமாகக் கேட்டு, நாம் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அது பரப்புவதாகுமா? என் எண்ணத்தில் "நான் கிறிஸ்தவன்" என்று சொல்வது ஆகாது. அதைத் தாண்டி ஒவ்வொரு வாக்கியமும் சந்தேகத்துக்குள்தான் போகும். கேட்டது அவர்தான் என்ற ஒரே காரணம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள். அம்மாவின் பயத்தையும் லேசாக எண்ணாதீர்கள். அவர் தலைமுறை 1987இல் ஓப்ஸ் லாலாங் என்ற பெருங்கைது நடவடிக்கையைப் பார்த்தது. அப்போது விசாரணையில்லாமல் பிடித்துவைக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் கிறிஸ்தவர்கள் சிலரும் இருந்தார்கள். மலாய்க்காரரிடையே கிறிஸ்தவத்தைப் பரப்பினார் என்று பிடிக்கப்பட்ட ஒருவரை நீதிமன்றம் விடுவித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. ஆனால் தோட்டத்து லயங்களில் கைது நடந்த செய்தி நின்ற அளவுக்கு விடுதலைச் செய்தி நிற்கவில்லை. உங்கள் அம்மா அந்தப் பயத்தோடுதான் பேசுகிறார்.

இப்போது பேதுரு. அவரிடம் கேட்கப்பட்டது உபதேச விளக்கம் கிடையாது. "நீயும் அவனோடு இருந்தவன்தானே?" என்பதுதான் கேள்வி. அவர் "அறியேன்" என்றார். மறுதலிப்பு என்பது அதுதான், இருப்பதை இல்லை என்பது. உங்கள் அறை நண்பர் கேட்டபோது நீங்கள் கிறிஸ்தவன் இல்லை என்று சொன்னீர்களா? இல்லையே. பேச்சை மாற்றினீர்கள், அவ்வளவுதான். அடுத்த தடவை அவர் கேட்டால், முகத்தைப் பார்த்து மலாயிலேயே சொல்லுங்கள்: நான் கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன், இதற்கு மேல் இந்த விஷயத்தில் உன்னோடு பேசச் சட்டம் எனக்கு இடம் தரவில்லை, என்னால் உனக்கும் சிக்கல் வரக்கூடாது. அவருக்கு அது புரியும். இதில் பொய்யும் இல்லை, ஒளிவும் இல்லை. விசாரிக்கிற யாவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுருவே பிற்காலத்தில் எழுதினார். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்று சேர்த்துத்தான் எழுதினார். போதகர்கள் பலர் அந்த வசனத்தின் முன்பாதியோடு நிறுத்திவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. படையில் தோளிலும் கையிலும் இருக்கிற பதவிப் பட்டை, வாய் பேசுவதற்கு முன்னால் பேசிவிடும். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது கங்காணி சிரித்துக்கொண்டே ஒரு வேலையைச் சொன்னாலும் அதை யாரும் வேண்டுகோளாக எடுத்துக்கொண்டதில்லை, அதைப் போலத்தான் இதுவும். உங்களுக்குக் கீழே இருக்கும் பிரைவேட்டிடம் நீங்கள் "ஒரு நாள் எங்கள் சபைக்கு வாயேன்" என்று அன்பாகத்தான் சொல்வீர்கள். அவன் காதில் அது கோப்ரல் சொன்னதாக விழும். 'வரவில்லை' என்று சொன்னால் அடுத்த வாரக் காவல் பட்டியலில் தன் பெயர் எங்கே வரும் என்று ஒரு கணம் கணக்குப் போடுவான். அந்த ஒரு கணமே போதும், அவன் வருவது விசுவாசத்தால் வருவதாக இருக்காது. ஆகவே நான் கடைப்பிடித்ததும், என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வதும் ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் பயமில்லாமல் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டும் பேசுங்கள்.

நான் சார்ஜனாக இருந்தபோது ஒரு இளைஞன் என் மேசைக்கு வந்தான். கெடாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வீட்டில் முருக பக்தர்கள். "சார்ஜன், ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட சர்ச்சுக்கு வரேன்" என்றான். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மேசைமேல் விடுப்புப் பட்டியல் விரித்துக் கிடந்தது. பென்சிலால் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவன் பேசியது என்னிடம், கண் போனது பட்டியலுக்கு. அவன் பெயரை அவன் முன்னாலேயே எழுதி, கையெழுத்துக்கு அனுப்ப வேண்டிய கோப்பில் வைத்துவிட்டு, "லீவு உனக்கு உண்டு. வீட்டுக்குப் போய்ட்டு வா. திரும்பி வந்தப்புறமும் சர்ச்சுக்கு வரணும்னு தோணினா அப்ப சொல்லு" என்றேன். போனான், வந்தான், அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. இன்றும் தீபாவளிக்கு எனக்கு போன் பண்ணுகிறான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்திருக்கிறான். சபைக்கு வரவில்லை. அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் சபைப் பதிவேட்டில் ஒரு பெயர் கூடியிருக்கும், அவனோ லீவுக்குக் கொடுத்த விலையாகத்தான் அதை நினைத்திருப்பான்.

இணையத்தில் நீங்கள் கேட்கிற பிரசங்கங்களில் பாதி அமெரிக்காவிலிருந்து வருகிறது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே படைக் குருமார் முறை 1775லிருந்தே உண்டு. நம் படையில் காகாட் எனப்படும் சமயப் பிரிவு இஸ்லாமியச் சமயப் பணிக்கானது. ஆகவே அந்த நாட்டு ஆலோசனை இங்கே அப்படியே ஒட்டாது. அங்கேயும்கூட, 2005இல் கொலராடோவில் உள்ள விமானப்படைக் கல்விக்கழகத்தில் மேலே இருப்பவர்கள் கேடட்களிடம் சமயத்தைத் திணிக்கிறார்கள் என்று பெரிய புகார் கிளம்பியது. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தம் பதவியைக் கொண்டு தம் சமயத்தைக் கீழிருப்போரிடம் வளர்க்கக் கூடாது என்று விமானப்படை பிறகு தன் விதிகளில் எழுதிவைத்தது. நான் சொல்கிற பட்டைக் கணக்கு எல்லாப் படைக்கும் பொது.

வேதத்திலும் படைக்காரர்கள் வரும் இடங்களைப் பாருங்கள். யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவர் அவர்களைப் பிரசங்கம் பண்ண அனுப்பவில்லை. ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார். நாகமான் என்ற சீரியத் தளபதிக்கு முதலில் தேவனுடைய தீர்க்கதரிசியைப் பற்றிச் சொன்னது யார்? சிறைப்பட்டு வந்து அவன் வீட்டில் வேலை செய்த ஒரு சிறு பெண். அவளுக்குக் கீழே யாரும் இல்லை. அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் எஜமானின் நோய் தீரட்டும் என்ற அக்கறையில். படைச் சூழலில் சாட்சி சொல்வது எப்படி என்று என்னிடம் கேட்டால் அந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன்.

அதே நாகமான் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அணிவகுப்பில் டோவா என்ற இஸ்லாமியப் பிரார்த்தனையை ஓதும்போது நான் என்ன செய்வது என்று நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள், உங்களுக்கும் வரும். நாகமான் சுகமான பிறகு, என் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கைமேல் சாய்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்டான். எலிசா "சமாதானத்தோடே போ" என்றார். ஆகவே அமைதியாக, நேராக, மரியாதையோடு நில்லுங்கள். மனதுக்குள் உங்கள் ஜெபத்தைச் செய்துகொள்ளுங்கள். வேறு சமயத்தின் வழிபாட்டில் பங்கெடுக்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆவது பிரிவும் சொல்கிறது. நிற்பது வேறு, பங்கெடுப்பது வேறு. இதில் சில சபையார் என்னைவிடக் கடுமையாகப் பேசுவார்கள். அவர்களுக்கும் மனசாட்சி உண்டு, ஆனால் எனக்குப் படுவது இதுதான்.

முகாமில் நீங்கள் தனி ஆளாக இருக்கிறீர்கள் என்று எழுதியிருப்பது எனக்கு ஆச்சரியம். சரவாக், சபா ஆட்களைப் பாருங்கள். நம் படையில் இருக்கும் கிறிஸ்தவர்களில் அங்கத்திய பூர்வகுடிகளான இபான், பிடாயூ, கடசான் பிள்ளைகள் நிறையப் பேர். சரவாக் ரேஞ்சர்களிலிருந்து வளர்ந்த ரேஞ்சர் படைப்பிரிவு அன்றிலிருந்தே பல இனத்தார் கலந்த படை. அவர்களில் பலர் மலாய் மொழியில்தான் வேதம் வாசிப்பார்கள், பாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் அவர்களோடு சேர்ந்து பட்டணத்தில் மலாய் மொழி ஆராதனைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மலாய் வேதமான அல்கிதாப்பைத் தீபகற்பத்தில் சிலுவைக் குறியும் கிறிஸ்தவ வெளியீடு என்ற முத்திரையும் போட்டு வைத்துக்கொள்ள அரசாங்கம் 2011இல் வழி செய்தது. அதுவும் கிறிஸ்தவர்கள் வாசிப்பதற்குத்தான். பொது அறையில் கட்டில்மேல் போட்டு வைக்காதீர்கள், லாக்கரில் வையுங்கள். பிளாட்டூன் வாட்சாப் குழுவில் தினமும் வசனம் போடுவது வேண்டவே வேண்டாம். அதில் சுராவ் என்ற முஸ்லிம் தொழுகை இடத்துக்குப் போகிறவரும் கோயிலுக்குப் போகிறவரும் இருக்கிறார்கள், அவர்கள் வெளியேறவும் முடியாது. சீருடைப் படத்தோடு சமயப் பதிவு போடுவதும் அப்படித்தான், அந்தச் சீருடை உங்கள் சொந்தச் சட்டை கிடையாது.

உங்கள் போதகரிடம் இரண்டு விஷயம் பேசுங்கள். முகாம் வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுக்க யாரையும் அனுப்ப வேண்டாம். குடும்பக் குடியிருப்பில் வீட்டுக்கூட்டம் வைக்க ஆசைப்பட்டால், முன்கூட்டியே அனுமதி கேட்காமல் வைக்க வேண்டாம். அப்படி வைத்து மாட்டிக்கொண்டால் போதகர் அடுத்த ஞாயிறும் பிரசங்கிப்பார், விசாரணைக்கு நிற்கப்போவது நீங்கள்தான். இருபத்தோரு வருடம் முடிந்தால்தான் ஓய்வூதியம் என்று அம்மா சொல்வது நியாயமான கணக்கு. ஆனால் பென்சனுக்காகக் கிறிஸ்தவன் என்பதையே ஒளித்துவைக்கச் சொன்னால், அந்த ஒரு இடத்தில் அம்மாவோடு நான் ஒத்துப்போகவில்லை. சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடி ஒரு வரி ஜெபித்துவிட்டுச் சாப்பிடுங்கள். கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். ஹரிராயாவுக்கும் தீபாவளிக்கும் உங்கள் பெயரைக் காவலுக்குக் கொடுங்கள். கிறிஸ்மஸ் அன்று அவர்கள் உங்களுக்காக நிற்பார்கள். நான் இருந்த முகாம்களில் அப்படித்தான் நடந்தது.

கடைசியாக, துக்கத்தில் இருக்கும் நண்பர். அவர் உங்களைப் போலவே கோப்ரல் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பட்டைச் சிக்கல் இல்லை. ஆனால் துக்க வீட்டில் இருப்பவரால் 'வேண்டாம்' என்று சுலபமாகச் சொல்ல முடியாது, அவருக்கு அந்தத் தெம்பு இருக்காது. பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு அவர் தோட்டத்துக்குப் போங்கள். கூடாரம் கட்ட, நாற்காலி இறக்க, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் தேவைப்படும். அங்கே போடுகிற சாப்பாட்டைச் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். சபைக்குச் சபை கருத்து மாறும். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வைத்து, பந்தியில் உட்கார்ந்து விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்பேன். படையலை எடுத்துத் தனியாகக் கையில் கொடுத்தால் பணிவாக மறுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு நரகம், மோட்சம், அப்பா எங்கே போனார் என்ற பேச்சு எதுவும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. வேறொரு துக்க வீட்டில் அதைப் பேசிய விசுவாசிகளால் ஒரு தோட்டமே பல வருடம் சபைக்கு வாசலை அடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, அவர் குடிக்காமல் தெளிவாக இருக்கும் ஒரு சாயங்காலம், முகாமுக்கு வெளியே ஒரு கடையில் தே தாரே (பால் தேநீர்) குடிக்கும்போது, "உனக்காக ஜெபம் பண்றேன். அதப் பத்திப் பேசணும்னா பேசலாம், வேணாம்னாலும் ஒண்ணுமில்ல" என்று ஒரே தடவை சொல்லுங்கள். பேசு என்றால் உங்கள் வாழ்க்கையில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், அவர் சாமியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இப்ப வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அவர் அம்மாவுக்கு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பணமோ, இபிஎஃப் என்ற சேமநிதிப் பணமோ வர வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இறந்தவர் தோட்டத் தொழிலாளி என்றால் அந்தப் பாரங்களை நிரப்ப அந்த வீட்டில் ஆள் இருக்காது, நீங்கள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கலாம். இறந்தவரின் அடையாள அட்டை நகல், இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றையும் முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.